மறுபக்கம் பிடித்தவள்

ஜனவரி 9

அக்காவுக்கு,

என் தோளைக் கெடுத்தது நீ.

முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். போனில் என் குரல் கேட்டதுமே "டூட்டி இருக்குடி" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. கிழிக்கலாம். கிழித்தால் "சின்னவ என்ன எழுதியிருக்கா?" என்று அம்மா கேட்பாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதே தவிர, தபால் வந்தது தெரியாமல் போகாது.

நடந்ததை நீ மறந்ததுபோல இருக்கிறாய். அதனால் எழுதுகிறேன். நம் முதியோர் இல்லத்தில் காலை நேரம். கப்பல்காரரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுகிறோம். கப்பலில் இன்ஜின் பார்த்த மனிதர், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோனவர். நம் இரண்டு பேர் எடையைச் சேர்த்தாலும் அவர் ஒருத்தருக்குக் காணாது. நீ இடப்பக்கம், நான் வலப்பக்கம். தூக்கியாயிற்று. அவர் அந்தரத்தில் இருக்கும்போது மேட்ரன் உள்ளே பார்க்காமல் வராந்தாவிலிருந்தே, "கொஞ்சம் இங்க வா" என்றாள். நீ திரும்பினாய். கையை விட்டாய்.

நான் விடவில்லை. விட்டிருந்தால் அவர் மண்டை தரையில் போயிருக்கும். முழு எடையும் என் வலது தோளில் இறங்கியது. உள்ளே துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், எனக்கு மட்டும் கேட்டது.

மேனேஜர் விசாரித்தபோது நீ என்ன சொன்னாய்? "வீட்டுல குளியலறையில வழுக்கி விழுந்துட்டா சார்." நான் பக்கத்தில்தான் நின்றேன். வலியில் எனக்குப் பேச்சு வரவில்லை. நீ சொன்னதே நின்றுவிட்டது. வீட்டில் விழுந்தவளுக்கு இல்லம் பொறுப்பில்லை. தூக்க முடியாதவளுக்கு அங்கே வேலையும் இல்லை. ஊர் மாறி வந்து, இங்கே வேறொரு முதியோர் இல்லத்தில், சலவை அறையில், தோளைப் பற்றி மூச்சுவிடாமல் சேர்ந்திருக்கிறேன்.

தசைநார் அறுந்திருக்கிறதாம். ஆபரேஷன் செய்யாவிட்டால் கை தோளுக்கு மேலே எழும்பவே எழும்பாது என்கிறார் டாக்டர். வேலையில்தான் அடிபட்டது என்று கூட இருந்தவர் ஒருவர் தொழிலாளர் அலுவலகத்தில் வந்து சொன்னால் போதும், சிகிச்சைச் செலவு இல்லத்தின் பொறுப்பு. உட்கார்ந்து செய்கிற வேலையையும் அங்கேயே கொடுத்தாக வேண்டும். இந்த வருஷத்துக்குள் சொல்ல வேண்டும். கப்பல்காரருக்கு மிஞ்சியிருப்பது நாலைந்து வார்த்தைகள். அவரால் சாட்சி சொல்ல முடியாது. பாக்கி நீதான்.

வந்து சொல்.

நீயும் அம்மாவும் சுகமா? அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் தங்கை


ஜனவரி 27

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் படி ஏறும்போது மட்டும் முனகுகிறது. எனக்கும் குறையில்லை. இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டால் நாள் ஓடிவிடுகிறது. நீ தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்காதே.

உன் இடத்துக்கு ஒரு பெண்ணை எடுத்திருக்கிறார்கள். எல்லாரும் "புதுசு" என்றுதான் கூப்பிடுகிறோம். வந்த அன்றைக்கே கையுறைப் பெட்டிகளை மாற்றி அடுக்கிவைத்து வார்டையே தேடவிட்டாள். திட்டினால் சிரிக்கிறாள். இன்னும் திட்டினால் இன்னும் சிரிக்கிறாள். உன் லாக்கரை அவளுக்குக் கொடுத்தாயிற்று. உன் சீப்பும் செருப்பும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

கப்பல்காரர் நன்றாக இருக்கிறார். நம் பிரிவுக்கு "விபத்தில்லாப் பிரிவு" என்று சட்டம் போட்ட சான்றிதழ் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். மேட்ரன் அம்மா அதை மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் என் கையாலேயே மாட்டச் சொன்னார்.

மற்ற விஷயத்தை நேரில் பேசலாம். அம்மா எழுதச் சொன்னது: "வேளைக்குச் சாப்பிடு. யாரோடும் மல்லுக்கு நிற்காதே."

உன் அக்கா


பிப்ரவரி 6

அக்காவுக்கு,

சான்றிதழை எந்தக் கையால் மாட்டினாய்? விட்ட கையாலா?

நேரில் பேசலாம் என்கிறாய். நேரில்தானே நின்றேன் அன்றைக்கு?

நான் சுகமில்லை. கேட்காமல் இருக்கிறாயே என்று நானே சொல்லிவிடுகிறேன். நனைந்த போர்வை மனிதரைவிட மோசம் அக்கா. மனிதராவது "வலிக்குதாம்மா?" என்று கேட்பார். போர்வை கேட்காது. இடது கையால் இழுத்து, வயிற்றால் தாங்கி, தொட்டியிலிருந்து எடுக்கிறேன். யாராவது பார்த்தால் "எனக்கு இடது கைப் பழக்கம்" என்கிறேன்.

நான் மட்டும் நடிக்கவில்லை. இங்கே உடுப்பு மாற்றும் அறைக்கு வந்து பார். அத்தனை பேர் இடுப்பிலும் பெல்ட். பட்டாளத்துக்குப் போகிற மாதிரி இழுத்துக் கட்டி, மேலே உடுப்பைப் போட்டு, அதற்கு மேலே சிரிப்பைப் போட்டுக்கொண்டு வார்டுக்குப் போகிறார்கள். ஒருத்திக்கு முழங்கையில் பல் தடம், நினைவு தப்பிய பெரியவர் கடித்தது. "வீட்டு நாய்" என்று சொல்லியிருக்கிறாள். வீட்டில் நாயே கிடையாது. ஆளைத் தூக்கும் மெஷின் இங்கேயும் இருக்கிறது. உறை போட்டு ஸ்டோர் ரூமில், நம் இல்லத்தில் இருப்பதுபோலவே. ஆய்வுக்கு ஆள் வருகிற அன்றைக்கு உறையைக் கழற்றித் துடைத்து, வராந்தாவில் நிறுத்துவார்கள். அவர்கள் போனதும் அது திரும்பப் படுத்துக்கொள்ளும். உடம்பு நோகாமல் பிழைக்கத் தெரிந்தது அந்த மெஷினுக்கு மட்டும்தான்.

பெரியவர் விழுந்தால் விபத்து. நாம் விழுந்தால் கவனக்குறைவு. இதை எழுதாத சட்டமாக வைத்திருக்கிறார்கள். நீயும் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டாய்.

அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு எதற்கு எழுதினாய்? சரி, எழுதிவிட்டாய். இனி முழுதாக எழுது. அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள்? என் பக்கமா? கப்பல்காரர் அவளை என்னவென்று கூப்பிடுகிறார்? என்னை "மாலுமி" என்பார். மிஞ்சிய நாலைந்து வார்த்தைகளில் ஒன்றை எனக்கு என்று வைத்திருந்தார். அதை அவளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாரா?

அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது முதல் வரியை விட்டுவிடுவாய் என்று தெரியும். விடாதே.

உன் தங்கை


ஏப்ரல் 15

அன்புள்ள சின்னவளுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை தலைக்கு மேல். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மா சுகம். வெயில் ஏற ஏற முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

என்னைப் பிரிவுப் பொறுப்பாளர் ஆக்கியிருக்கிறார்கள். சட்டையில் குத்த ஒரு பட்டையும் கொடுத்தார்கள். அம்மா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

புதுசு இப்போது நம் அறையில்தான் இருக்கிறாள். விடுதியில் மூட்டைப்பூச்சி பிடுங்கித் தின்றுவிட்டது, உடம்பெல்லாம் தடிப்பு. அம்மாதான் "இங்க கூட்டிட்டு வாடி, பெத்தவங்க இல்லாத பிள்ளை" என்றாள். உன் கட்டில் சும்மாதானே கிடந்தது. வாய் ஓயாது அவளுக்கு. அம்மாவிடம் அவள், "உங்க பெரிய பொண்ணு வார்டுல புலி, வீட்டுல பூனை" என்கிறாள். "புலியும் பூனையும் ஒரே சாதிதான், ரெண்டும் பால் குடிக்கும்" என்கிறாள் அம்மா. அம்மா இப்படிப் பேசுவாள் என்று எனக்கே தெரியாது.

வேலையிலும் தேறிவிட்டாள். முதலில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சத்தம் போட்டுத் தூக்கினாள். இப்போது எண்ணுவதில்லை. அவளுக்கு "ம்" வந்துவிட்டது.

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுக்காதே. நீ இங்கே இருந்தவரை என்னை யாரும் நானாகப் பார்த்ததில்லை. இந்த இல்லத்துக்கு முதலில் வந்தது நான். உன்னைச் சேர்த்துவிட்டது நான். நீ வந்த மறு மாதமே நான் "சின்னவளோட அக்கா" ஆகிவிட்டேன். கப்பல்காரருக்கு வருஷக்கணக்காக நான் சோறூட்டியிருக்கிறேன். அவர் என்னை "ஏய்" என்பார். உனக்குப் பட்டம் கொடுத்தார். இப்போதுதான் என்னை என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

அம்மா எழுதச் சொன்னது: "சின்னவளே, புதுசு உன் போர்வையைத் துவைத்துத்தான் போட்டுக்கொண்டாள். கோபப்படாதே."

உன் அக்கா


ஏப்ரல் 22

அக்காவுக்கு,

அம்மா சுகமாக இருப்பது சந்தோஷம். பூனைக்கும் என் வாழ்த்து.

என் லாக்கர், என் கட்டில், என் போர்வை. இன்னும் என்ன பாக்கி? என் பல் துலக்கும் பிரஷ் அங்கேதான் இருக்கிறது, அதையும் கொடுத்துவிடு.

இதெல்லாம் பொருள். போகட்டும். "ம்" அவளுக்கு எப்படி வந்தது? அது தானாக வருவதா? எனக்கு வர ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. மற்ற ஜோடிகள் எண்ணித் தூக்கும்போது நாம் எண்ண மாட்டோம். நீ மூச்சை இழுப்பாய், நான் இழுப்பேன், ஒரு "ம்". அவ்வளவுதான், ஆள் பூப்போல எழும்புவார். "இந்த ரெண்டு பேரும் தூக்கினா தூக்கினதே தெரியல" என்று பெரியவர்கள் நமக்காகக் காத்திருப்பார்கள். அது ஒரு வயிற்றில் பிறந்ததால் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யார் வந்தாலும் சொல்லிக்கொடுப்பாய் என்று தெரியாது.

எனக்கு வயிறு எரிகிறது. நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், இல்லை. எரிகிறது. தொட்டியில் குனிந்திருக்கும்போது அவள் என் பக்கத்தில், அந்தக் கட்டிலுக்கு வலப்பக்கம் நின்று, உன்னைப் பார்த்து மூச்சு இழுப்பது தெரிகிறது. அவள் முகம் எனக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு புது முகம் வைத்துப் பார்க்கிறேன். எல்லா முகமும் அழகாக இருக்கிறது.

நீ எழுதியதைத் தப்பாக எடுக்கவில்லை, சரியாகவே எடுத்தேன். வேலையில் அடிபட்டது என்று நீ சொன்னால் நான் அங்கே திரும்பி வருவேன். திரும்பி வந்தால் நீ மறுபடி சின்னவளோட அக்கா. அதுதானே? அப்படியே எழுதிவிடு. "நீ வர வேண்டாம்" என்று ஒரு வரி எழுதிவிடு. சுற்றி வளைத்து முழங்காலையும் வெயிலையும் எழுதாதே.

என்னால் தலை சீவ முடியவில்லை அக்கா. கூட இருக்கிறவள்தான் சீவிவிடுகிறாள்.

உன் தங்கை


ஜூன் 18

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

இங்கே ஒரு சின்ன அசம்பாவிதம். புதுசுக்குக் கையில் அடி. மணிக்கட்டு. பயப்பட ஒன்றுமில்லை. கவனிக்க வேண்டியவர்கள் கவனிக்கிறார்கள். அம்மா அவளுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அதனால் அதிகம் எழுத முடியவில்லை.

உன் தோளுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா?

உன் அக்கா


ஜூன் 25

அக்காவுக்கு,

அவளுக்கு அடி என்று படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முதலில் அதுதான் வந்தது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் முழுதாக வரவில்லை.

என்ன சொன்னாய் மேனேஜரிடம்? அவளும் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாளா? அந்தக் குளியலறை ஒருநாள் அந்த ஊர் ஜனத்தை முழுக்க விழவைத்துவிடும் போலிருக்கிறது. பாவம், அவளுக்காவது கொஞ்சம் வித்தியாசமாகச் சொல்லியிருக்கலாம். படிக்கட்டு இருக்கிறது. பஸ் இருக்கிறது.

அவளிடம் சொல், சலவை அறையில் இன்னொரு ஆள் தேவைப்படுகிறது. ஒற்றைக் கை இருந்தால் போதும், நான் பழக்கிவிடுகிறேன். இரண்டு பேரும் சேர்ந்தால் இரண்டு கை ஆகிவிடும்.

அம்மாவின் கஞ்சி எனக்கு வரவில்லை, கவனித்தாயா? எனக்கு அடிபட்ட வாரம் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு வர வேண்டாம் என்றாய், "படி ஏற முடியாது" என்று.

நீ சுகமா? உன் இடுப்பு?

தங்கை


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்க என்னைப் பாத்ததில்லை. நான்தான் புதுசு. உங்களோட கட்டில்ல படுக்குறதுக்கு மன்னிப்பு கேட்டுக்கிறேன். நீங்க வந்தா உடனே கீழ படுத்துக்குவேன். எனக்கு அடிபட்டது இடது கை, அதனால எழுத முடியுது. அம்மா உங்களுக்கு எழுதச் சொன்னாங்க. பெரியக்காவுக்கு இப்ப நேரமே இல்ல, எழுத உக்காந்தாலே எழுந்திருச்சுப் போயிடுறாங்க.

நீங்க சௌக்கியமா? அம்மா சௌக்கியம். கப்பல்காரருக்குத்தான் சளி கட்டி மூச்சு வாங்குது.

என் கதைய சொல்றேன். அன்னைக்கு அக்காவை வேற பிரிவுக்கு அனுப்பிட்டாங்க. நான் மட்டும் ஒரு பாட்டியம்மாவை நாற்காலில உக்கார வைக்கும்போது சக்கரம் நகந்துடுச்சு. பிரேக் பிடிக்காத நாற்காலி. கட்டில் கம்பிக்கும் நாற்காலிக்கும் நடுவுல என் கை மாட்டிக்கிச்சு. பாட்டிக்கு ஒண்ணும் ஆகல. நான் கத்தினதுல அவங்கதான் பயந்துட்டாங்க.

விசாரணையில மேட்ரன் அம்மா, "இவ பிரேக் போட மறந்துட்டா"ன்னு சொன்னாங்க. நான் அழுதுட்டேன். அப்ப நம்ம அக்கா என்ன பண்ணாங்க தெரியுமா? மேனேஜர் மேசையை ஓங்கித் தட்டினாங்க! "பிரேக் பிடிக்கலைன்னு நான் எத்தனை தடவை சொன்னேன்? இந்தப் பிள்ளை பொய் சொல்லல. வேலையிலதான் அடிபட்டா. எங்க வேணும்னாலும் வந்து சொல்வேன்"னு சொன்னாங்க. தொழிலாளர் அலுவலகத்துக்கும் என் கூடவே வந்து கையெழுத்துப் போட்டாங்க. இல்லத்துச் செலவுலயே ஆபரேஷன் பண்ணி வச்சாங்க. இப்ப எனக்கு வரவேற்பு மேசையில உக்காந்து போன் எடுக்குற வேலை. இல்லத்துல அப்படி ஒரே ஒரு நாற்காலிதான் இருக்காம். எனக்குக் கிடைச்சிடுச்சு. கூடப் பிறந்தவங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்க அக்கா.

தான் வெளிய போயிருந்த நேரத்துல நீங்களும் குளியலறையில வழுக்கி விழுந்து கஷ்டப்படுறீங்கன்னு அம்மா அடிக்கடி சொல்வாங்க. நான் குளிக்கப் போறப்பெல்லாம் "சின்னவ விழுந்த இடம், பாத்து காலை வை"ன்னு குரல் கொடுப்பாங்க. அந்த இடத்துல ஒரு சாக்கை விரிச்சு வச்சிருக்காங்க. நானும் பாத்துத்தான் மிதிக்கிறேன்.

சீக்கிரம் குணமாகணும்னு வேண்டிக்கிறேன்.

புதுசு


ஜூலை 28

அக்கா,

அவள் எழுதிவிட்டாள். அவள்மேல் கோபப்பட ஒரு வரி தேடினேன், கிடைக்கவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது. கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

மேசையைத் தட்டினாயாமே. உனக்கு மேசையைத் தட்டத் தெரியும் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். மேட்ரன் முகத்துக்கு நேரே பேசத் தெரியும். அந்த அலுவலகத்துக்கு எந்த பஸ் போகும் என்று தெரியும். எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் தெரியும். நான் ஜனவரியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது இவ்வளவுதான். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். உனக்கு ஆடியது, அடுத்த வீட்டுச் சதைக்கு.

ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். அவள் விஷயத்தில் தப்பு மேட்ரனுடையது. என் விஷயத்தில் தப்பு உன் கையுடையது. அடுத்தவள் தப்பைச் சொல்ல மேசையைத் தட்டினால் போதும். தன் தப்பைச் சொல்ல வாய் வேண்டும். இல்லையென்றால் உனக்கு அவளைத்தான் பிடித்திருக்கிறது, என்னைப் பிடிக்கவில்லை. இரண்டில் எது என்று சொல். எதுவானாலும் தாங்கிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்த ஒரே ஒரு நாற்காலியும் போய்விட்டது. போகட்டும், அவளே உட்காரட்டும், அவளை எழுப்ப வரவில்லை. ஆபரேஷன் மட்டும் நடந்தால் போதும், என் பிழைப்பை நான் பார்த்துக்கொள்வேன். நான் திரும்பி வர மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கிறேன். உன் பெயர் உன்னிடமே இருக்கட்டும். நீ சாட்சி மட்டும் சொல்.

அம்மா அந்தத் தரையில் சாக்கு விரித்து வைத்திருக்கிறாளாம். நான் விழாத இடத்தில். தினமும் அதைத் தாண்டித்தான் நீயும் குளிக்கப் போகிறாய், இல்லையா?

இந்தக் கடிதத்தை நீ அம்மாவுக்குப் படிக்க வேண்டாம். அந்தப் பெண்ணைப் படிக்கச் சொல். அவள் எதையும் விட்டுவிடாமல் படிப்பாள்.

தங்கை


செப்டம்பர் 30

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம். மழை ஆரம்பித்துவிட்டது. அறையில் ஒரு மூலை ஒழுகுகிறது, பக்கெட் வைத்திருக்கிறோம். அம்மாவுக்கு இருமல். பெரிதாக ஒன்றுமில்லை.

கப்பல்காரர் போன வாரம் போய்விட்டார். சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. கடைசியாக நான்தான் பக்கத்தில் இருந்தேன். கண்ணைத் திறந்து "மாலுமி" என்றார். "இங்கதான் இருக்கேன்" என்றேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

உனக்கு ஒரு கம்பளிச் சட்டை எடுத்து வைத்திருக்கிறேன், நீலம். முன்பக்கம் பொத்தான் வைத்தது, கையைத் தூக்காமல் போட்டுக்கொள்ளலாம். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கடிதம் பத்திரமாக இருக்கிறது.

உன் அக்கா


டிசம்பர் 19

அக்கா,

இதை எந்தத் தபாலில் போட்டாலும் உனக்கு நேரத்துக்குச் சேராது. தெரிந்துதான் எழுதுகிறேன். தொழிலாளர் அலுவலக வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வருஷத்தின் கடைசி விசாரணை நாள் இது. தேதியையும் நேரத்தையும் பெரிய எழுத்தில் இரண்டு கடிதத்தில் எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. நீ பதிலாக நேரிலேயே வருவாய் என்று ஒரு மனசு சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மனசுக்குப் புத்தி கிடையாது.

நீ சுகமா? அம்மாவின் இருமல் விட்டதா?

இங்கே பெஞ்சு முழுக்க நம் ஆட்கள்தான். என் பக்கத்தில் இருப்பவர் ஒரு ஆஸ்பத்திரிச் சமையல்காரர், கையில் கொதிநீர் பட்டவர். அவருடைய தம்பி வந்திருக்கிறான் சாட்சிக்கு. நல்ல சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். "ஏன்டா, கல்யாணத்துக்கா வந்திருக்க?" என்று அண்ணன் கிண்டல் செய்கிறார். எனக்கு அவரைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. கை முழுக்க வெந்து தோல் உரிந்திருக்கிறது, அந்த மனிதரைப் பார்த்து நான் பொறாமைப்படுகிறேன்.

கப்பல்காரர் போனதை நீ எழுதிய விதத்தைப் பல தடவை படித்துவிட்டேன். அவர் என்னைக் கூப்பிட்டார். நீ "இங்கதான் இருக்கேன்" என்றாய். சாகிற மனிதருக்கு ஆறுதல் சொன்னாய் என்று விட்டுவிடலாம். ஆனால் அன்றைக்கு அந்தரத்தில் அவரைத் தாங்கி நின்றது யார் என்று தெரிந்த இரண்டு பேரில் ஒருத்தர் போய்விட்டார். என்னைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், நான் கேட்டு வந்தவள். உலகத்தில் அது தெரிந்தவள் இனி நீ ஒருத்திதான். நீ சொல்லாவிட்டால் அது நடக்கவே இல்லை. நான் எங்கேயோ ஈரத் தரையில் வழுக்கி விழுந்தவள், அவ்வளவுதான். நாளைக்கு எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

எழுத்தர் இப்போதுதான் வெளியே வந்து கேட்டார்.

"சாட்சி வந்தாச்சாம்மா?"

"வந்துக்கிட்டே இருக்கா சார். எங்க அக்கா."

"கூடப் பிறந்தவங்களா? அப்ப வந்துடுவாங்க. இவங்க முடிஞ்சதும் உங்களைக் கூப்பிடுவேன்."

சமையல்காரரும் தம்பியும் உள்ளே போய்விட்டார்கள். தம்பியின் குரல் வெளியே கேட்கிறது, கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போடுகிறான்.

உன்னிடம் மேசையைத் தட்டச் சொல்லவில்லை. அவளுக்காகத் தட்டினாய், எனக்காகத் தட்ட வேண்டாம். மெதுவாகச் சொல். தலையைக் குனிந்துகொண்டு சொல். என்னைப் பார்க்காமல் சொல். "மேட்ரன் கூப்பிட்டா. நான் கையை விட்டேன். இவ விடல." மூன்றே வாக்கியம்.

உள்ளே நாற்காலி நகர்கிறது. அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

அக்கா, வா. வந்து சொல்.